களுவாஞ்சிக்குடி மாமியும் என் மின்னூலகமும்

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒரு மின்னூலகம் வைத்திருக்கிறோம். மட்டக்களப்பு கல்லடியில் என் மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லெப்டொப்தான் அது. கலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் நூல்களை அடுக்கி, அந்த அடுக்கை உலாவியில் காட்டும் கலிபர்-வெப் வழியாக எல்லாரும் பார்க்கத் திறந்துவிட்டேன். முடித்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

போன கிழமை களுவாஞ்சிக்குடி மாமி வீட்டுக்குப் போனபோது போனைக் கையில் கொடுத்து, "ஒரு புத்தகம் எடுங்க மாமி" என்றேன். கிழமைக்கு ரெண்டு புத்தகம் முடிக்கிற ஆள். முதலில் கடவுச்சொல் கேட்டது. நானே அடித்துக் கொடுத்தேன். பட்டியலைத் திறந்தால் தொடர்கள், பதிப்பாளர்கள், மதிப்பீடுகள், கோப்பு வடிவங்கள். எப்படியோ ஒரு நூலைத் தொட்டா. ஈபப், மொபி, பீடிஎப் என்று அதே நூலின் மூன்று வடிவம் வந்து நின்றது.

"இதில எது மனே கதை?"

ஈபப்பைக் காட்டினேன். இறங்கியது. எந்தச் செயலியில் திறக்க என்று போன் கேட்டது. மாமி போனைத் திண்ணையில் வைத்துவிட்டு, "இரு, தேத்தண்ணி ஊத்துறன்" என்று எழும்பிப் போயிட்டா.

பிழை மாமியில் இல்லை. வடிவமும் பதிப்பாளரும் புத்தகம் சேர்க்கிறவனுக்குத்தான் வேணும். என் வேலை மேசையைத் தூக்கி அவவின்ட மடியில வைத்திருக்கிறேன்.

அதைவிட வெட்கம் ஆசிரியர் பட்டியல். காரைதீவில் பிறந்த அடிகளார் ஒருவர்தான். என்னிடம் விபுலாநந்தர், விபுலானந்தர், விபுலாநந்த அடிகள் என்று மூன்று பேர். பெயரின் கடைசிச் சொல்லை முன்னுக்கு எடுத்து அடுக்குவது கலிபரின் வழக்கம். அதனால் மூன்றாமவர் 'அடிகள்' என்று அகர வரிசையின் தலைமாட்டில் குந்தியிருந்தார். 'வி'யில் தேடுகிறவர் எங்கே காண்பார்? பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளின் கதை வேறு. போனில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும்.

ஞாயிறு முழுக்க இருந்து வெட்டினேன். கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழையலாம். ஆனால் அப்படித் திறந்துவிடுவதென்றால் கண்டதையெல்லாம் வைக்க முடியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அடிகளார் 1947இல் மறைந்தவர், அவர் எழுத்துக்குத் தடையில்லை. பகிரலாம் என்று ஆசிரியரே விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவற்றையும் வைத்தேன். மற்றதெல்லாம் வெளியே. தொடர்கள், பதிப்பாளர்கள் என்று பட்டியலில் நின்ற பிரிவுகளில் முக்கால்வாசியை மறைத்தேன், விருந்தினருக்குப் பதிவிறக்கத்தையும் நிறுத்தினேன். தொட்டால் உலாவியிலேயே நூல் விரியும். முன்னால் 'இந்த மாதம்' என்று ஒரேயொரு அடுக்கு, அதில் ஏழு நூல்.

"எல்லாத்தையும் ஒளிச்சா அது நூலகமா?" என்று வட்டத்தில் ஒருத்தர் சண்டைக்கு வந்தார். வைத்த நூல் ஒன்றும் அழியவில்லை, தேடல் பெட்டி மேலேயே இருக்கிறது. அதுபோக, எந்த நூலகத்துக்குப் போனாலும் அலுமாரிக்கு முதல் நாங்கள் கிண்டுவது ஆட்கள் திருப்பிக் கொடுத்த புத்தகம் கிடக்கும் மேசையைத்தானே? அவரும் அப்படித்தான், நான் கண்டிருக்கிறேன்.

வட்ஸ்அப்பில் மாமிக்கு இணைப்பை அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு அழைப்பு.

"நாப்பது பக்கம் வாசிச்சிட்டன் மனே. எழுத்தைக் கொஞ்சம் பெருப்பிக்க ஏலாதா?"

ஏலும். அதற்கான பொத்தான் மேல் மூலையில், பற்சக்கரம் மாதிரி ஒரு சின்னப் படத்துக்குள் இருக்கிறது.