குடும்பத்துக்காகவே வாழ்ந்தாராம்

எங்க வீட்டுக்காரர் போய் நேற்றோடு நாற்பது நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடித்தபோதே இதை எழுதணும் என்று தோன்றியது, கை வரவில்லை. அச்சகத்திலிருந்து வந்த மாதிரியில் "தன்னலம் கருதாது குடும்பத்துக்காகவே வாழ்ந்து மறைந்த" என்று போட்டிருந்தார்கள். அதை எடுக்கச் சொன்னேன். கொழுந்தனாருக்கு வருத்தம். "ஏன் அண்ணி, நல்லாத்தானே இருக்கு" என்றார். நல்லாத்தான் இருக்கு, யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், அதுதான் எனக்கு ஆகவில்லை.

கூட்டுறவு சொசைட்டியில் எழுத்தர் வேலை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், எல்லாம் செய்தார். யார்தான் செய்யவில்லை? ஆனால் பொழுது சாய்ந்தால் அவர் ஷார்ட்வேவ் என்கிற சிற்றலை வானொலிக்குச் சொந்தமான ஆள். 1979இல் கல்யாணமாகிப் பட்டுக்கோட்டை வந்த முதல் வாரம், மொட்டை மாடியிலிருந்து தென்னைமரத்துக்கு நீளமாக ஒரு செம்புக் கம்பி கட்டியிருந்ததைப் பார்த்து, எவ்வளவு வசதி என்று என் புடவைகளைத் துவைத்து அதில் காயப்போட்டேன். சாயங்காலம் வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கைப்பிடிச் சுவரில் விரித்துவிட்டுக் கீழே போய் ரேடியோவைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். மறுநாள் கொடிக்கயிறு வாங்கி வந்து தனியாகக் கட்டிக் கொடுத்தார். அது ரேடியோவுக்கு அலை பிடித்துத் தருகிற ஏரியல் என்று பிறகுதான் தெரிந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கோ ஒரு நாட்டு நிலையத்தைக் கேட்டு, எந்த அலைவரிசை, எத்தனை மணி, என்ன நிகழ்ச்சி, எவ்வளவு தெளிவு என்று எழுதி அனுப்பினால், ஆமாம் நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று அவர்கள் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். இதற்காகவே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்து மளிகைக் கடைக்கு எழுதித் தரச் சொன்னால் அலுத்துக்கொள்கிறவர், மாஸ்கோவுக்கும் பீஜிங்குக்கும் ஹாலந்துக்கும் முத்து முத்தாக எழுதுவார். ஏர்மெயில் தபால்தலைக்குப் போன காசை நான் கணக்குப் பார்த்துச் சண்டை போட்ட மாதங்கள் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் பெண்ணுக்குக் கோயம்புத்தூர் எந்தப் பக்கம் என்று தெரியும் முன்னால் ஈக்வடாரில் கீட்டோ என்று ஓர் ஊர் இருப்பது தெரியும், அங்கிருந்து அட்டை வந்திருந்தது.

அப்புறம் அந்தக் கடிகாரம். நிலையங்களுக்கு எழுதும்போது உலக நேரத்தில்தான் எழுதணும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஒவ்வொரு தடவையும் கழிக்க அலுப்பு என்று கூடத்தில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் "கடிகாரம் ஓடலையா" என்பார்கள். என் சித்தப்பா ஒருமுறை அதைப் பார்த்து நிதானமாகக் காபி குடித்து பஸ்ஸைக் கோட்டைவிட்டார்.

ஒலியின் தரத்துக்கு ஐந்து எண் போடுவார்கள். வலு, குறுக்கீடு, இரைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. எல்லாவற்றுக்கும் ஐந்து விழுந்தால் பிரமாதம், ஒன்று என்றால் கேட்கவே லாயக்கில்லை. இந்த வியாதி சாப்பாட்டுக்கும் வந்துவிட்டது. ரசத்துக்கு நான்கு, சாம்பாருக்கு மூன்று. சில நாள் நிலையம் கிடைக்காமல் கொரகொரவென்று மட்டும் வரும். என்னாச்சு என்று கேட்டால் "சூரியன் சரியில்லை" என்பார். விளையாட்டில்லை, மேலே ஒரு மண்டலம் இருக்கிறதாம், பந்து கூரையில் பட்டுத் திரும்புகிற மாதிரி அலை அதில் பட்டுத்தான் இங்கே இறங்குகிறதாம். சூரியனில் புள்ளிகள் கூடிக் குறைய அந்தக் கூரையும் மாறுமாம், 11 வருஷத்துக்கு ஒரு சுற்று. நான் அடுப்படியில் நின்றபடியே கற்றுக்கொண்ட அறிவியல் இது.

பொழுது விடிந்தால் இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனல் பாட்டு நிகழ்ச்சி. அது எனக்கும் சேர்த்து. அறிவிப்பாளர் அப்துல் ஹமீது குரல் கேட்டுக்கொண்டேதான் தோசை வார்த்திருக்கிறேன். ராத்திரி 9.15 பிபிசி தமிழோசை, அது அவருக்கு மட்டும், அந்த நேரத்தில் நான் மிக்சி போட்டால் முகம் போகிற போக்கைப் பார்க்கணும்.

2017 அவருக்குப் பெரிய அடி. ஜனவரியோடு ஆஸ்திரேலியா சிற்றலையை மூடியது, சிரிப்பது போலக் கத்துகிற ஒரு பறவைக் குரலோடு வருமே, அந்த நிலையம். ஏப்ரல் 30இல் தமிழோசை சிற்றலையில் நின்றது, 1941இல் தொடங்கியது. இணையத்தில் வரும் என்று மகன் செல்போனில் போட்டுக் காட்டினான். "அது வரும்டா, நான் தேட வேண்டாமே" என்றார்.

அடுத்த வருஷம் கஜா புயல். நவம்பர் 16 விடியற்காலையில் அடித்துப்போட்டதில், எங்கள் பக்கத்தில் தென்னை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போனபோது ஏரியல் கட்டிய மரமும் போயிற்று. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இந்த மனுஷன் அறுந்த கம்பியை முருங்கைக் கொம்பில் சுற்றி, பேட்டரி போட்டுக் கேட்டார். அக்கம்பக்கத்தில் டியூப்லைட், மோட்டார் எதுவும் ஓடாததால் இரைச்சலே இல்லையாம், "இப்படி ஒரு சுத்தம் நாற்பது வருஷத்துல கேட்டதில்ல" என்று என்னைக் கூப்பிட்டுக் காதில் வைத்தார். சீன வானொலியின் தமிழ் நிகழ்ச்சி. மழை ஓடு வழியாக உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமாக வந்தது. இப்போது நினைத்தால் அந்த ராத்திரிதான் முதலில் வருகிறது.

நம் ஊரில் செத்துப்போன ஆம்பிளையைப் பாராட்ட ஒரே வார்த்தைதான் இருக்கிறது, தியாகம். தேய்ந்தார், உழைத்தார், தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? இவர் வைத்துக்கொண்டார். அதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன், பெண்ணுக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரி கூட ஒரு காதில் ஹெட்போன் இருந்தது, அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் தனக்கென்று ஒரு ஆசை உள்ள மனுஷனோடு வாழ்ந்தது எனக்கு நல்லதாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவர் அலுத்துச் சலித்து என் முகத்தையே பார்த்து உட்கார்ந்ததில்லை. எனக்கும் என் நேரம் கிடைத்தது, என் தையல் மிஷின் அந்த மணிகளில்தான் ஓடியது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பேச்சு குறைந்துவிட்டது. வார்டில் யாரோ டிவியைச் சத்தமாக வைத்திருந்தார்கள், நான் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். நர்ஸுக்குப் புரியவில்லை, பாத்ரூமா என்று கேட்டாள். நான் எழுந்துபோய் டிவியைக் குறைக்கச் சொன்னேன்.

பத்திரிகையில் கடைசியாக "ஓய்வுபெற்ற எழுத்தர், சிற்றலை வானொலி நேயர்" என்று போடச் சொன்னோம். அச்சகத்தில் அதைச் சிற்றாலை என்று அடித்துவிட்டார்கள். இருநூறு பத்திரிகையிலும் பெண்ணும் பேரனும் உட்கார்ந்து அந்தக் காலைப் பேனாவால் அடித்தார்கள். எப்படியோ ஒன்று தப்பிப் போய்விட்டது போல, காரியத்துக்கு வந்த தூரத்து உறவு ஒருவர் என்னிடம் மெதுவாக, "மில்லு வச்சிருந்தாரா? சொல்லவே இல்லையே" என்றார்.