ரிஃபாம்பிசின் கிருமிக்குள் செய்வது என்ன?

"ரிஃபாம்பிசின் காசநோய்க் கிருமியைக் கொல்லும்" என்று காசநோய் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியோடு விட்டுவிட்டீர்கள். எப்படிக் கொல்கிறது என்பதைச் சொல்கிறேன். கிருமி தன் மரபணுவிலிருந்து ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான செய்தியிழை) படியெடுக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதியின் பீட்டா பகுதியில், புதிய இழை வெளிவரும் வழியை ரிஃபாம்பிசின் அடைத்துவிடுகிறது. இரண்டு மூன்று கண்ணிக்கு மேல் இழை நீளாது. புதுப் புரதம் இல்லை, கிருமி சாகிறது. மனித நொதியின் அமைப்பு வேறு என்பதால் அது தப்பிவிடுகிறது.

ஆனால் அந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே மருந்து பிடிக்காமல் போகலாம். நுரையீரல் குழியிலுள்ள கோடிக்கணக்கான கிருமிகளில் அப்படிச் சில ஏற்கெனவே இருக்கும். அதனால்தான் முதல் 2 மாதம் ஐசோனியசிட், பைரசினமைட், எதம்பியூட்டோலும் சேர்த்து நான்கு மருந்து. பிறகு 4 மாதம் ரிஃபாம்பிசினும் ஐசோனியசிட்டும். இருமல் நின்றதும் குளிசையை விட்டுவிடுகிறார்களே, அதுதான் வேதனை. மெதுவாகப் பெருகும் கிருமிகள் அப்போதும் உயிரோடுதான் இருக்கும்.

காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்தில் ரொட்டியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பாட்டுக்கு 1 மணித்தியாலம் முன்பு, வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடியுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாவது மருந்தின் நிறம், இரத்தமல்ல. கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்கள் அதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்: ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டி கருத்தடைக் குளிசையிலுள்ள ஹோர்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். கண் மஞ்சளானால் அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.