93,000 பவுண்டு கொள்ளை, 37,000 பவுண்டு படம்

'கேஷ் ஆன் டிமாண்ட்' படம் பார்ப்பதாக இருந்தால் முதலில் எத்தனை நிமிடப் பிரதி என்று பாருங்கள். 80 நிமிடப் பிரதிதான் வேண்டும். 66 நிமிடப் பிரதி என்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஹாமர் நிறுவனம் சுமார் 37,000 பவுண்டில் பிரே ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. அமெரிக்காவில் 1961லேயே வந்துவிட்டது. சொந்த ஊரான பிரிட்டனில் 1963 வரை கிடப்பில் கிடந்து, கடைசியில் குறைந்த நீளத்தில் வெளியானது. அங்கே அப்போது ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் ஓட்டுவார்கள். துணைப் படம் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிட வேண்டும். வேறு படமென்றால் போகட்டும் என்று விடலாம். இதில் கதை நேரமும் நம் கைக்கடிகார நேரமும் ஏறக்குறைய ஒன்றாக ஓடுகின்றன. நடுவில் வெட்டினால் பதற்றம்தான் முதலில் போகும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, சிற்றூர் வங்கிக் கிளை ஒன்று. மேனேஜர் ஃபோர்டைஸ் (பீட்டர் குஷிங்) பேனா நிப் சுத்தமாக இல்லையென்றால்கூட ஊழியர்களை வறுத்தெடுக்கிறவர். இன்சூரன்ஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு கோர் ஹெப்பர்ன் (ஆந்த்ரே மோரெல்) உள்ளே வந்து உட்காருகிறார். ஃபோன் அடிக்கிறது. மறுமுனையில் மேனேஜரின் மனைவி கதறுகிறார். அவர் தப்ப வேண்டுமானால் பெட்டகத்தில் இருக்கும் 93,000 பவுண்டை மேனேஜரே தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், வெளியே ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

கடத்தல் மொத்தமும் அந்த ஃபோனில் முடிந்துவிட்டது, கவனித்தீர்களா? வீடு, கார் துரத்தல், துப்பாக்கிச் சண்டை எதுவும் கிடையாது. ஹால், மேனேஜர் அறை, பெட்டக அறை, வாசலில் கொஞ்சம் தெரு, அவ்வளவுதான் செட். காசில்லாத படத்துக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான திரைக்கதை அமைவது அபூர்வம். கேமராவுக்கும் வேறு போக்கிடம் இல்லை. குஷிங்கின் முகத்திலேயே நிற்கிறது. அந்த விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வியர்த்துக் கொட்டுவதை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறோம்.

இத்தனை நேர்த்திக்கு ஒரு காரணம், 1960இல் இது தொலைக்காட்சி நாடகமாக வந்தபோதும் இயக்கியவர் இந்தப் படத்தின் இயக்குநர் குவென்டின் லாரன்ஸ்தான். மோரெலும், தலைமை குமாஸ்தா பியர்சனாக வரும் ரிச்சர்ட் வெர்னனும் அதிலும் இதே வேடங்களைச் செய்தவர்கள்.

எல்லாரும் குஷிங்கைப் பேசுவார்கள், பேசட்டும். நீங்கள் வெர்னனை விட்டுவிடாதீர்கள். சின்னக் கணக்குப் பிசகுக்காக வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் மிரட்டுவது இவரைத்தான். கொஞ்ச நேரத்தில் அதே மேனேஜரின் கதி இவர் வாயைத் திறப்பதிலும் மூடுவதிலும் தொங்குகிறது.