மீன் வெட்டிய கத்தரிக்கோல்

தாள் வெட்டுகிற கத்தரிக்கோலால் மீன் செட்டையை வெட்டாதீர்கள். இதைக்கூட ஒருத்தர் எழுதித்தான் சொல்ல வேண்டுமா? எங்கள் வீட்டில் சொல்லியும் நடந்துவிட்டது. காலையிலிருந்து வயிறு எரிகிறது.

கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யலாம் என்று நவம்பர் கடைசியிலேயே எல்லாரும் கூடி உட்கார்ந்து பேசினோம். இந்த வருடம் கடையில் விற்கிற மடக்கு நட்சத்திரம் வேண்டாம், அப்பா செய்வது மாதிரி வீட்டிலேயே மூங்கில் குச்சியில் கட்டலாம். குடிலுக்குக் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்க்கலாம். பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். நான் சொன்னது இல்லை, தம்பியே சொன்னான். "எல்லாரும் சேர்ந்து செய்யலாம்க்கா." இந்த "எல்லாரும்" என்கிற வார்த்தையை நம்பி ஏமாந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். குச்சி வாங்கப் போனது நான். ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குப் போய், ஆண்டர்சன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, வெள்ளையில் ஒரு குயர், சிவப்பில் ஒரு குயர் டிஷ்யூ தாள் வாங்கி, மழையில் நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது நான். மைதா காய்ச்சியது நான். கேழ்வரகுக்குத் தினமும் தண்ணீர் தெளித்தது அம்மா. மற்ற எல்லாரும் என்ன செய்தார்கள்? "சூப்பரா வருதுக்கா" என்று போட்டோ எடுத்தார்கள்.

மூங்கில் நட்சத்திரம் கட்டியவர்களுக்குத்தான் அந்த வேலை தெரியும். ஒரே நீளத்தில் பத்து குச்சி வேண்டும். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் இன்னொன்று. மூன்றடிக் குச்சி என்றால் இரண்டு முனையிலிருந்தும் 14 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக அளந்து, அங்கேதான் குச்சிகள் குறுக்கே வந்து சேர வேண்டும். அரை அங்குலம் தப்பினாலும் ஒரு கால் நீண்டு ஒரு கால் குறுகி நிற்கும். அப்புறம் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனையையும் நூலால் இறுக்கி, நடுவில் ஐந்து சின்னக் குச்சிகளை முட்டுக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வயிறு உப்பி நிற்கும், உள்ளே பல்பு போக இடம் இருக்கும். முன்பக்கம் ஆறு துண்டு, பின்பக்கம் ஆறு, ஓரங்களில் பத்து. மொத்தம் 22 துண்டு தாள். பல்பு அப்படியே தெரியக்கூடாது என்று அப்பா இரட்டைத் தாள்தான் ஒட்டுவார். அப்படியானால் 44. ஒவ்வொன்றையும் விளிம்பு பிசிறில்லாமல் வெட்ட வேண்டும். டிஷ்யூ தாள் மொட்டைக் கத்தரிக்கோலுக்கு மடங்கும், கிழியும், வெட்டுப்படாது. அதற்காகத்தான் பித்தளைப் பிடி போட்ட அந்த மீரட் கத்தரிக்கோல். அப்பா வாங்கியது. சாணை பிடித்துத் துணியில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்திருந்தேன்.

2023-ல் டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் அடித்தபோது கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர். அந்த வருடம் நட்சத்திரமாவது ஒன்றாவது. குச்சிக் கட்டு பரணிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு கையால் கட்டுகிற முதல் நட்சத்திரம் இது. எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

சனிக்கிழமை மதியம் தம்பி காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கி வந்தான். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அருவாமனை இருக்கிறது. மீன் ஆய்வதற்கென்றே ஒரு பழைய கத்தி இருக்கிறது. போதாததற்கு, மீன் வாங்கிய இடத்திலேயே பத்து இருபது கொடுத்தால் ஆய்ந்தும் தருவார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருந்ததை எடுத்துப் பிரித்து, அதால் ஒரு கிலோ சங்கராவின் செட்டையையும் வாலையும் வெட்டியிருக்கிறார்கள். ஸ்டூல் போட்டு ஏறி! கைக்கு எட்டியதை அவசரத்தில் எடுத்துவிட்டார்கள் என்றால்கூட ஆறுதல் இருக்கும். வெட்டி முடித்துத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, மறுபடியும் அதே துணியில் சுற்றி, மறுபடியும் ஏறி, அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் அதை எடுத்துத்தான் 44 துண்டையும் வெட்டினேன். லேசாகக் கவுச்சி வந்தது. மதியம் மீன் குழம்பு வைத்த வீடு, ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. எந்தக் கவுச்சி எங்கிருந்து வருகிறது என்று யார் தேடுவார்கள்? இராத்திரி பதினொன்றரை வரை ஒட்டினேன். கழுத்து நிமிரவில்லை. கடைசித் துண்டை ஒட்டி, உள்ளே பல்பை எரியவிட்டுப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அப்பா பக்கத்தில் நிற்பது போல இருந்தது. பசை காயட்டும் என்று மாடி அறையில் நாற்காலி மேல் வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்கத்தில் இரண்டு கால் நார் நாராகத் தொங்குகிறது. நடு ஐங்கோணத்தில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. நாற்காலியில் பூனை முடி. தாள் விளிம்பைத் தேடித் தேடி நக்கியிருக்கிறது, பிறாண்டியிருக்கிறது. கிழிந்த துண்டை எடுத்து மூக்கருகே வைத்தேன். சங்கரா.

கத்தரிக்கோலைத் துணியிலிருந்து பிரித்தேன். திருகாணி ஓரத்தில் ஒரு செதில், நகத்தளவு, இளஞ்சிவப்பாக, காய்ந்து ஒட்டியிருந்தது.

"யாரு எடுத்தது?" என்றேன். வீடே அமைதி. தம்பி, "நான் இல்லக்கா." பிள்ளைகள், "நாங்க இல்ல அத்தை." அப்புறம் தம்பி மனைவி மெதுவாக, "செட்டை மட்டும்தான் வெட்டுனேன் அண்ணி. கழுவிட்டுத்தானே வெச்சேன்?" செட்டை மட்டும்தானாம்! கழுவினால் திருகாணிக்குள் போன கவுச்சித் தண்ணி போய்விடுமா? அம்மா வேறு, "விடுடி, கத்தரிக்கோல்தானே, போகுது" என்கிறாள். கத்தரிக்கோல்தானே! உங்கள் தலையணை உறையால் தரை துடைத்தால் "உறைதானே" என்று விடுவீர்களா?

இதில் தம்பி இராயப்பரை, அதாவது புனித பேதுருவை, இழுத்துச் சொன்னதுதான் உச்சம். "இராயப்பர் பேர்லதான்க்கா நம்ம ராயபுரமே இருக்கு. அவரே மீன் பிடிச்சவருதானே, ஒண்ணும் சொல்ல மாட்டாரு." இராயப்பர் வலை வீசினார். என் கத்தரிக்கோலால் செட்டை வெட்டினாரா? பேச்சில் மட்டும் குறைச்சல் இல்லை. கிழிந்ததை ஒட்ட உட்காரச் சொன்னால் ஆள் இல்லை.

இன்றைக்கு இராத்திரி கேரல் குழு வருகிறது. தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்குகிறது, எங்கள் வீட்டு வாசலில் வெறும் வயர் தொங்குகிறது. பசையில் மயில்துத்தம் கலந்திருந்தால் பூனை வாய் வைத்திருக்காது என்று கீழ்வீட்டு அக்கா சொல்கிறார். அது விஷம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நானே வேண்டாம் என்று விட்டேன். அதுவும் இப்போது என் தப்பாகிவிட்டது.

கிழிந்த நட்சத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "குடில்ல மாடு இருந்துச்சு, கழுதை இருந்துச்சு. பூனைய மட்டும்தான் யாரும் கூப்புடல. அதான் அதுவே வந்துட்டுப் போயிருக்கு" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை.

சரி, வெள்ளைத் தாள்தான் தீர்ந்துவிட்டதே, கிழிந்த இடத்தில் சிவப்பு ஒட்டிவிடலாம் என்று அந்தக் கட்டைப் பிரித்தேன். கட்டு மெலிசாக இருந்தது போலத் தோன்றியது. எண்ணினேன். ஒரு குயர் என்றால் 24 தாள். இருந்தது 21. மறுபடியும் எண்ணினேன், 21. அப்படியானால் வெள்ளைக் கட்டும் குறைவாகத்தான் இருந்திருக்கும். நேற்று அதில் கடைசி இரண்டு துண்டுக்குத் தாள் போதாமல், "நீ தாறுமாறா வெட்டி வேஸ்ட் பண்ணிட்ட" என்று இவர்களிடம் பேச்சு வாங்கி, ஒட்டுப்போட்டு ஒப்பேற்றினேனே, அதற்கும் காரணம் நான் இல்லை. முழுக் குயருக்கு எண்ணிக் காசு வாங்கிக்கொண்டு மூன்று தாளைக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். பில்லைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் பாரிமுனைக்குத்தான் முதல் பஸ்.