பாலாற்றுக் கிணறுகளுக்கு ஒரு துறை போதாது

வேலூரைச் சுற்றி ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கிறது, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் பாறையைப் படித்தவரும் வேதியியல் படித்தவரும் மருத்துவரும் ஒரே கிணற்றடியில் நின்று பேசுவதை அரிதாகத்தான் பார்க்கிறேன். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

தோல் ஆலைக் கழிவோடு கிணற்று நீருக்கு வந்து சேரக்கூடிய குரோமியம் என்ற உலோகத்தையே எடுத்துக்கொள்வோம். பாலாற்றுப் பகுதியான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு. பதனிட்ட தோல் நீலம் பாரித்து வருவது அதனால்தான். இந்த வகை பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நஞ்சும் குறைவு. ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால், இந்தக் குரோமியத்தில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்டதாக மாறக்கூடும். அது தண்ணீரில் கரைந்து ஓடும், உடலுக்கும் கொடியது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் இருப்பதும் இந்தக் கொடிய வகைதான்.

எது எப்போது மாறும் என்பதை வேதியியல் சொல்லும். எந்தப் பக்கம் ஓடும் என்பதை நிலவியல்தான் சொல்ல வேண்டும். நம் பகுதியில் அடியில் இருப்பது கெட்டியான நைஸ், சார்னோக்கைட் பாறை. மேலே சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நகர்கிறது. அதனால் ஒரு கிணறு கெட்டுக் கிடக்க, கூப்பிடு தூரத்தில் இன்னொன்று நன்றாக இருக்கலாம். இதைக் கவனிக்காமல் ஊருக்கு ஒரு மாதிரி எடுத்து, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்போடு ஒப்பிட்டு, ஊர்த் தண்ணீரே நல்லது என்று எழுதிவிட்டால் அது எவ்வளவு பெரிய ஆபத்து! ஆறாத தோல் புண்ணோடு வருபவரிடம் மருத்துவரும் எந்த வேலை, எந்தக் கிணறு என்று கேட்டாக வேண்டும்.

கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூரிலேயே சான்று உண்டு. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை சி.எம்.சி.யில் சோதித்த பிறகுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது.

தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996-இல் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். யாருடைய கழிவு யார் கிணற்றுக்கு வந்தது என்று காட்ட மூன்று துறையும் வேண்டுமே!

என் கோரிக்கை இதுதான்: பாலாறு பற்றிய ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வுக்கும் வேறு துறையிலிருந்து இன்னொரு நெறியாளர் இருக்க வேண்டும். விதி இடம் தராவிட்டால் விதியை மாற்றட்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், மாதிரி எடுத்த ஒவ்வொரு கிணற்றின் சொந்தக்காரருக்கும் முடிவைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.