ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள்

இன்றைக்கும் முடியவில்லை. ஒரே ஒரு அபிடவிட் (சத்தியம் செய்து கையெழுத்துப் போடும் வாக்குமூலம்), ஒரே ஒரு பக்கம், மூன்று நாள்!

அம்மாவின் அடையாள அட்டையில் ‘மல்லிகா’. கல்யாணச் சான்றிதழில் ஒரு ‘எல்’ குறைந்து ‘மலிகா’. 1860-இல் நம்மவர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கியபோது குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். அந்த வினை டர்பனில் எங்கள் வீட்டை இன்னும் விடவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்தால்தான் அப்பாவின் பென்ஷன் அம்மாவுக்கு வரும்.

முதல் நாள் பத்து ஐந்துக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பத்து மணியோடு சரியாம், அட்டை தொங்கியது.

இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம் பெஞ்சில். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. கடைசியில் கான்ஸ்டபிள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எழுதியிருப்பது புரிகிறதா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, அது மனசாட்சியைக் கட்டுப்படுத்துமா என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. மை காய்ந்த முத்திரையை இரண்டு தரம் குத்தினார், பாதிதான் விழுந்தது. கையெழுத்தைக் கிறுக்கினார், கீழே பெயரும் இல்லை, பதவியும் இல்லை. பென்ஷன் ஆபீஸில் கண்ணாடிக்கு அடியில் அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார்கள்.

மூன்றாம் நாள், அதாவது இன்று, அந்த ஆள் இல்லை. முத்திரை பூட்டிய டிராயரில். சாவி ரோந்து போனவர் பையில். அவர் எப்போது வருவார்? தெரியாது!

நோட்டரியிடம் போங்கள் என்கிறார் ஒருவர். நோட்டரி என்றால் வக்கீல், கட்டணம் உண்டு. போலீஸ்காரர் பதவி வழியாகவே சத்தியம் வாங்கும் ஆணையர், அதற்குக் காசு வாங்கக் கூடாது. 1963-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. காசில்லாதவர்கள் வேறு எங்கே போவது? திருடனைப் பிடிக்கவே ஆள் போதவில்லை என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் இந்த வேலைக்கென்று ஸ்டேஷன் கவுண்டரான சார்ஜ் ஆபீஸில் ஒருவரை உட்கார வையுங்கள். சாவியையாவது மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்!

அப்புறம் அந்தப் பேனா. கவுண்டரில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கயிறு ஒரு சாண்கூட இல்லை. முழங்கால் வலியோடு அம்மா எக்கி நின்று கையெழுத்துப் போட்டாள். ஒரு முழம் கயிறு என்ன விலை?