எழுத்தில் வராத தாளம்

ஆய்வேட்டில் ஒலி, ஒளிப்பதிவுகளையும் புத்தகம் போலவே சான்றாக ஏற்க வேண்டும் என்ற உங்கள் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முழுக்கச் சரி.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் காத்தவராயன் கதையை ஆடிப்பாடும் காத்தவராயன் கூத்துப் பற்றி ஆய்வு செய்தேன். கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவியார் ஒருவர் பாடியதை ஐந்து கசெற்றில் பதிந்து கொண்டுபோனேன். "பாட்டை எழுதி இணைத்தால் போதும், கசெற் வேண்டாம்" என்றார்கள் பல்கலைக்கழகத்தில். எழுதினேன். ஆனால் அவர் எந்த இடத்தில் இழுத்தார், பிற்பாட்டுக்காரர் எங்கே ஏந்திப் பாடினார்கள், ஆட்டம் எங்கே மாறியது என்பதையெல்லாம் எந்தத் தாளில் எழுதுவது? அண்ணாவியாரும் இப்போது இல்லை. கசெற்றுகளில் இரண்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு நாடா தாங்காது.

மிச்சம் மூன்றையும் போன வருடம் கணினிக்கு மாற்றினேன். 60 நிமிடக் கசெற் என்றால் 60 நிமிடமும் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை. எம்பி3 ஆக மட்டும் வைக்காதீர்கள். கோப்பைச் சிறிதாக்க அது ஒலியில் ஒரு பகுதியையே எறிந்துவிடும். மூலப்பிரதி, ஒலியை எறியாமல் முழுதாக வைக்கும் வேவ் (WAV) கோப்பாக இருக்கட்டும். அப்புறம், பதிந்த நாள், ஊர், பாடியவரின் சம்மதம் எல்லாவற்றையும் கூடவே எழுதி வையுங்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த ஊர் இது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் எழுத்தோடு நிற்காமல் ஒலி, ஒளிப்பதிவுகளையும் சேர்க்கிறது. வீட்டு அலுமாரியில் பழைய கசெற் வைத்திருப்பவர்கள் இந்த மாரிக்கு முன்னரே வெளியில் எடுங்கள்.